உம்மட மோனுக்குச் சொல்லும்

அம்மா நோயில் விழுந்தது ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்த நடுவில்.

குசினியில் மூன்று பேரும் இருந்தோம். அம்மா குழலில் இருந்து புட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்பா கை நீட்டினால் என் தோளில் தட்டலாம். ஆனாலும் மகனுக்கான செய்தியை அம்மாவிடம்தான் சொன்னார்: "இஞ்சேரும், உம்மட மோனுக்குச் சொல்லும், வாய்க்காலில தண்ணி வருதோ எண்டு பாத்திட்டு வரட்டாம்."

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு உழவு மெசின் ஓடப் போனேன். அன்றிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. உப்புக் கூடினாலும் உரம் முடிந்தாலும் எல்லாக் கதையும் அம்மாவின் அடுப்படி வழியாகத்தான் போய்வரும். போகிற வழியில் அம்மா அதில் கொஞ்சம் சீனி போட்டுவிடுவார். "மூதேசி எங்க துலைஞ்சிட்டான்?" என்று அப்பா கேட்டால், எனக்கு வந்து சேரும்போது அது "அப்பா உன்னைத் தேடினவர்" ஆகியிருக்கும்.

அன்றைக்கு அம்மா என் பக்கம் திரும்பி, "வா..." என்றார். பிறகும் "வா... வா..." மட்டும்தான்.

"என்னம்மா, ரேடியோ இழுக்குதோ?" என்று பகிடி விட்டேன். அதற்குப் பிறகுதான் கண்டேன், வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கி எச்சில் வழிந்துகொண்டிருந்தது. புட்டுக்குழல் கையை விட்டு விழுந்தது.

பாரிசவாதம் (மூளைக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் இழுத்துவிடுவது) என்றார்கள். உங்கள் வீட்டிலும் யாருக்காவது வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேய்க்க ஆள் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

வலது கையும் காலும் போயின. நாங்கள் சொல்வது அம்மாவுக்கு விளங்கியது; திருப்பிச் சொல்லத்தான் வாய் வரவில்லை. தொண்டையும் பலம் இழந்திருந்தது. விழுங்கப் பழக்கும் மிஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டித் தந்தார்.

"தம்பி, தண்ணி, பிளேன்ரீ, சொதி ஒண்டும் வேண்டாம். நீராக் குடுத்தா நுரையீரலுக்க போயிடும். தடிப்பாக் குடுங்கோ. நிமித்தி இருத்திப்போட்டு, சின்னக் கரண்டியால."

"கல்லுக் கட்டுற சாந்து மாதிரியோ மிஸ்?"

"ஓம், அந்தப் பதம்தான். ஆனா சீமெந்து போட்டிடாதேங்கோ."

வீட்டுக்கு வந்ததும் குசினி என் கைக்கு வந்தது. அப்பாவுக்கு அடுப்பு மூட்டவே தெரியாது. நான் வழக்கம்போல அம்மாவின் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா, உங்கட மனுசனுக்குச் சொல்லுங்கோ, தண்ணியா ஒண்டும் தரக்கூடாதாம்." அப்பா அப்போது மண்வெட்டியோடு வயலுக்குப் போயிருந்தார். வந்ததும் அம்மா சொல்லிவிடுவார்தானே! வாய் வராத மனுசியிடம் தூது கொடுத்துவிட்டு நிம்மதியாக வெங்காயம் உரிக்கப் போன என் மூளையையும் அந்த ஆஸ்பத்திரியில் ஒருக்கால் காட்டியிருக்கலாம்.

பின்னேரம் அப்பா தன் வாழ்நாளின் முதல் தேநீரைப் போட்டார், அம்மாவுக்காக. கிணற்றடியில் இருந்து நான் வரும்போது, ஆற்றி ஆற்றி அம்மாவின் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். அம்மா இருமினார். முகம் கறுத்தது.

"அப்பா, நிப்பாட்டுங்கோ!"

"எனக்கு ஆரடா சொன்னது?" என்று கத்தினார். என் முகத்தைப் பார்த்து. அவ்வளவு வருடத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த கதை இதுதான்.

நுரையீரல் அழற்சி (உள்ளே போன நீரால் நுரையீரலில் கிருமி பற்றிச் சளி கட்டுவது). திரும்பவும் வார்ட். "இன்னொருக்கா இப்பிடி நடந்தா மூக்குக் குழாய்தான் போடவேணும்" என்றார் டொக்டர் (மூக்கு வழியாக இரைப்பைக்குள் விடும் உணவுக் குழாய்). குழாய் போடுவது வெட்கப்படுகிற காரியம் இல்லை; சிலருக்கு அதுதான் உயிர். ஆனால் அம்மா இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டொக்டரை முறைத்தார்.

"அவா வாயாலதான் சாப்பிடுவா டொக்டர்," என்றேன். "நான் குடுக்கிறன்."

வீட்டில் ராசவள்ளிக் கிழங்கை அவித்து, மசித்து, தேங்காய்ப்பாலில் கஞ்சியாகத் துழாவினேன். அம்மாவைத் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்திக் கரண்டியை எடுத்தேன். கதவடியில் நின்ற அப்பா தொடங்கினார்: "இஞ்சேரும், உம்மட மோனுக்குச் சொல்லும்..."

விடுவேனா? "அம்மா, உங்கட மனுசனுக்குச் சொல்லுங்கோ, தேத்தண்ணிக்குப் பேர்போன ஆக்கள் எனக்குச் சமையல் படிப்பிக்க வேண்டாமாம்."

அம்மா வாயை மூடிக்கொண்டார்.

கரண்டியை உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்தார். "ஆக் காட்டும்" என்று அப்பா கெஞ்சினார். அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பிறகு இடக்கையைத் தூக்கி அப்பாவைக் காட்டினார், என்னைக் காட்டினார், கையை மடியில் போட்டார். வருத்தம் அவரின் பேச்சைத்தான் எடுத்தது. தூது போகும் வேலையை அவரே விட்டார்.

அப்பா செருமினார். "டேய்."

"ஓம்?"

"கஞ்சி தண்ணியாக் கிடக்குதடா."

கரண்டியைச் சரித்துப் பார்த்தேன். ஓடியது. அந்த மனுசன் சொன்னது சரி. இன்னும் ஒரு நிமிடம் பிடிவாதம் பிடித்திருந்தால் நானே அம்மாவைத் திரும்ப வார்டுக்கு அனுப்பியிருப்பேன்.

"பொறுங்கோப்பா, இறுக்கிக்கொண்டு வாறன்."

"தள்ளு. நான் துழாவுறன். அடிப்பிடிக்கப் போகுது."

இறுகிய கஞ்சிக்கு அம்மா வாய் திறந்தார்.

அப்பாவும் நானும் இப்போது நேராகவே சண்டை பிடிக்கிறோம். சீனி போட ஆள் இல்லாததால் நன்றாக உறைக்கிறது. உறைக்கட்டும். குழாயை வைத்துக்கொண்டு டொக்டர் காத்திருந்தால், அதுவும் காத்திருக்கட்டும்.

முன்பு நான் நின்றபடியே ஒரு கோப்பைச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிறவன். இப்போது ஒரு வாய் உணவு நாக்கில் இருந்து எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று தெரியும். அம்மாவின் தொண்டை ஏறி இறங்கும்வரை, காரணம் இல்லாமல் என் தொண்டையும் சேர்ந்து விழுங்குகிறது. வெளியே உழவுக்கு ஆள் வந்து ஹோன் அடித்தாலும் எழும்புவதில்லை.

"இறங்கிட்டுதோடா?"

"பொறுங்கோப்பா... ஓம், இறங்கிட்டுது."

"அப்ப அடுத்ததைக் குடு."