சனிக்கிழமை வரும் அம்புக்குறி

மனைவி காலமானபின் பருத்தித்துறை வீட்டில் நான் தனி. கனடாவிலிருக்கும் மகன் போனில், "சாப்பிட்டாச்சோ அப்பா?" என்பான். "ஓம்" என்பேன். அதற்குமேல் எங்களுக்குக் கதைக்கத் தெரியாது.

அதனால் ஒருநாள் பொய் சொன்னேன். "கொம்பியூட்டரிலை இன்ரநெற் சரியான ஸ்லோ, தம்பி."

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவன் அங்கிருந்தே என் கணினிக்குள் வந்து நெற்வேர்க் செற்றிங்சைத் துழாவுவான். திரையில் அம்புக்குறி தானாக ஓடும். அந்த அரைமணி நேரம் அவன் பக்கத்தில் இருப்பதுபோல இருக்கும்.

ஒரு சனிக்கிழமை, கணினியை இன்ரநெற்றோடு இணைக்கும் நெற்வேர்க் அடப்ரரை நிற்பாட்டித் திரும்பப் போடப் பார்த்தான். நிற்பாட்டியதுமே தொடர்பு அறுந்து, அம்புக்குறி அசையாமல் நின்றது. உடனே போன் அடித்தது.

"அப்பா, பிழை விட்டிட்டன். இனி நீங்கள்தான் அதைப் போடவேணும். சொல்லித் தாறன்..."

அவன் சொல்லுமுன்னமே போட்டுவிட்டேன். இத்தனை சனிக்கிழமை பார்த்தவனுக்குத் தெரியாதா?

"உங்களுக்கு எல்லாம் தெரியுது, என்ன?"

"ஓம். இன்ரநெற்றும் ஸ்லோ இல்லை."

அவன் போனை வைத்துவிட்டான். இனி வரமாட்டான் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அதே நேரத்துக்கு அம்புக்குறி அசைந்தது. செற்றிங்ஸ் பக்கம் போகாமல் வெறும் திரையில் சும்மா உலாவியது.

தனியாக இருக்கிறேன் என்று வாய்திறந்து சொல்ல எனக்கு இன்னும் வராது. மவுசிலிருந்து கையை எடுத்து அவனுக்கு இடம்விட்டேன்.