சாமி பூ என்று நினைத்து இறால் ஊட்டினேன்

அதற்கு இறால் வெட்டிப் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. கார்த்திகை மாதம் முழுக்கக் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து முருகனுக்கென்று வைத்திருக்கிற கட்டுப்பாடு அது. அதே கார்த்திகையில், ஒரு கடல் பீடைக்கு ஊட்டுவதற்காகக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கியவன் நான்.

என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்று மாதம் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று, கூடத்தில் ஒரு உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைத்தேன். நான் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்றாலும் பம்பும் பைப்பும் எனக்குக் கைவந்த வேலை. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"ஏப்பா, நம்ம ஊரு போர்த்தண்ணியில இல்லாத உப்பா? அதை மிஷின்ல வடிச்சு எடுத்துட்டு, திரும்ப உப்பு வாங்கிக் கொட்டுறியே. கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் என் மனைவிக்கு அந்தத் தொட்டி பிடித்துப்போயிற்று. மீன்களை விட, ஒரு கல்லின் மேல் ஒட்டி வளர்ந்த பவளம்தான் அவளுக்கு உயிர். சட்டைப் பொத்தான் அளவில் பச்சை பச்சையாக வாய்கள், ஓரத்தில் மெல்லிய முடி. விளக்கு எரிந்தால் விரியும், அணைத்தால் மூடிக்கொள்ளும். காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலை விட்டு எழுந்ததே அது விரிவதைப் பார்க்கத்தான். டாக்டர் சொல்லி நடக்காதவள், அதற்காக நடந்தாள்.

கார்த்திகை பிறந்த நாலாம் நாள், அதே கல்லின் பொந்தில் பழுப்பு நிறத்தில் ஒன்று எட்டிப் பார்த்தது. சின்னத் தண்டு, மேலே மெல்லிய இதழ்கள், கிட்டத்தட்டச் சாமந்தி மாதிரி. நாங்கள் வாங்கவில்லை, வைக்கவில்லை. தானாக வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் தானாக வந்ததை யாரும் பிடுங்கமாட்டோம். வேப்பங்கன்று சுவரில் முளைத்தாலே மஞ்சள் தெளிக்கிற ஆட்கள் நாங்கள்.

"சுயம்புங்க" என்றாள் மனைவி. தொட்டிக் கண்ணாடியில் அதற்கு நேராகச் சந்தனப் பொட்டும் வைத்தாள்.

இருந்தாலும் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்வோம் என்று, கல்லை விற்ற மதுரைக் கடைக்காரருக்குப் படம் பிடித்து அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது: "அண்ணே, அது கடல் பூ. அதிர்ஷ்டம்ணே! எல்லாருக்கும் வராது. நல்லா இறால் கொடுங்க, பெருசாகும்."

பெரிதாகியது. அந்த ஒரு வார்த்தையில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை.

தை பிறப்பதற்குள் ஒன்று பதினைந்தாயிற்று. கல்லின் இடுக்கில், பைப்பின் மேல், பம்பின் மூடியில் எல்லாம் முளைத்தது. விரலைக் கொண்டுபோனால் சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும். ஒருநாள் காலை மனைவி தொட்டி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள். பவளத்தின் ஒரு பக்கம் முழுக்க மூடிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த அந்தப் பூ தன் இதழால் அதைத் தொட்டுத் தொட்டுச் சுட்டுக்கொண்டிருந்தது. சுட்ட இடமெல்லாம் வெந்த சதை மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"நாம சோறு ஊட்டி வளர்த்தது, நம்ம புள்ளையவே தின்னுதுங்க" என்றாள். அப்புறம் அன்றைக்கு அவள் கட்டிலை விட்டு எழவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பிளேடை எடுத்து, கையை விட்டு, எட்டிய வரைக்கும் அறுத்துத் தள்ளினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால், அறுந்து விழுந்த துணுக்கெல்லாம் குட்டிக் குட்டிப் பூக்களாக ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தன.

"சூரசம்ஹாரத்துல சூரன் தலை மாத்துவானே, அது கணக்கா மாத்துதே" என்றாள் கட்டிலில் இருந்தபடி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்த முகமாக வரவேற்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கடையின் பின்பக்கம் போனேன். கல் போட்டு வைக்கும் தொட்டி அங்கே இருந்தது. அதில் கல்லே தெரியவில்லை, அத்தனையும் பழுப்புப் பூ.

"இது என்னங்க?"

"அண்ணே, அது எல்லாத் தொட்டியிலயும் வர்றதுதான்..."

"அதிர்ஷ்டம்னு சொன்னீங்க. எல்லாருக்கும் வராதுன்னு சொன்னீங்க."

"கஸ்டமர் சந்தோசமாக் கேட்டீங்க. நானும் சந்தோசமாச் சொன்னேன். இப்ப என்ன ஆயிப்போச்சு? இதுக்கு மருந்து இருக்குண்ணே, தரவா?"

அந்தச் சிரிப்போடு அவர் மருந்து டப்பாவை எடுத்து நீட்டினார் பாருங்கள், அப்போதுதான் என் பொறுமை போயிற்று. நோயையும் அவரே விற்கிறார், மருந்தையும் அவரே விற்கிறார். "என் வீட்டுக்காரி சந்தனம் வச்சுக் கும்பிட்டாய்யா அதை! விரத மாசத்துல என்னை இறால் வெட்ட வச்சியேய்யா!" என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் கொஞ்சம் பயந்துவிட்டார். "சத்தம் போடாதீங்கண்ணே. மருந்து வேணாம்னா விடுங்க. சுண்ணாம்பைக் குழைச்சு ஊசியில அடிங்க, செத்துரும். இதுலயும் அதுதான் இருக்கு" என்றார்.

முதல் நாளே அதைச் சொல்வதற்கு அவருக்கு என்ன கேடு? ஒரே ஒரு பூவாக இருந்தபோது ஒரு சொட்டுச் சுண்ணாம்பில் முடிந்திருக்கும்.

கல் சுண்ணாம்பு வாங்கி, நீற்றி, ஆறவைத்து, தயிர் பதத்துக்குக் குழைத்தேன். மனைவி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சஷ்டிங்க. உயிரைக் கொல்லலாமா?" என்று கேட்டாள். செத்த நேரம் நானும் தயங்கினேன். பிறகு முருகன் படத்தைப் பார்த்து, "அப்பனே, கும்பிட்டதும் நாங்கதான், கொல்றதும் நாங்கதான். தப்புன்னா என் கணக்குல வை, அவ கணக்குல வைக்காதே" என்று சொல்லிவிட்டு பம்பை நிறுத்தினேன்.

ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் அடிக்கக் கூடாது. தண்ணீரில் சுண்ணாம்புக் காரம் ஏறினால் மீன் போய்விடும். ஊசி முனையை வாய்க்கு நேராக வைத்து மெதுவாக விட வேண்டும். இரை என்று நினைத்து அது விழுங்கும், சுருங்கும், கரையும். அப்படியும் கல்லுக்குள் ஆழத்தில் இருந்தவை தப்பித்து மறுபடி வந்தன. மூன்று வாரம் போராடியும் பவளம் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசியில் முடிவெடுத்தது அவள்தான். "கல்லை வெளியே எடுத்துருங்க. இருக்குற வாயைப் பேத்து வேற கல்லுல ஒட்டுவோம். பொழைச்சாப் பொழைக்கட்டும்."

பவளத்திலும் விஷம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்ததால் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, உளியால் மெல்லத் தட்டிப் பெயர்த்தேன். மிஞ்சியது மூன்று வாய். கழுவி, இடுக்கெல்லாம் சோதித்து, புதுக் கல்லில் பசை வைத்து ஒட்டினேன். பழைய கல் மொட்டைமாடி வெயிலில் காய்ந்து நாறியது. அந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டுக்காரர் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஐந்து நாள் ஒன்றுமே விரியவில்லை. அவளும் எழவில்லை. ஆறாம் நாள் காலை பம்பு மூடியில் ஒளிந்திருந்த ஒன்றுக்காக வாசலில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் வாக்கர் உரசும் சத்தம் கேட்டது. சுண்ணாம்புக் கையோடு ஓடினேன். அவள் தொட்டி முன்னால் குனிந்து நின்றிருந்தாள். ஒரே ஒரு வாய், அதுவும் பாதிதான், திறந்திருந்தது.

"அங்கேயே நில்லுங்க" என்றாள் திரும்பாமல். "உங்க நிழல் பட்டா மூடிக்கும்."

நிலைப்படியிலேயே நின்றேன்.