நைனாவுக்கு ஊட்டிய பூசணி கேக்

என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும். திருப்பதியில் கண் டாக்டர் அத்தனை தெளிவாகச் சொன்னார்: சர்க்கரை இறங்கினால்தான் நைனாவுக்குக் கண்புரை ஆபரேஷன், இறங்காவிட்டால் தள்ளிப்போகும். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவள், பஸ் ஏறுவதற்கு முன் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்து க்ரீம் சீஸ் டப்பா ஒன்று வாங்கினேன். எங்கள் ஊர் நகரியில் அது கிடைக்காது. நைனா கடை வாசலில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நைனா என்றால் என் அப்பா. இரண்டு கண்ணிலும் புரை அவருக்கு. எதிரே ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. அம்மா போனபிறகு வீட்டில் நானும் அவரும்தான். அண்ணன் சென்னையில் வேலை. தெருமுனை டீக்கடைக்கு யார் கையையும் பிடிக்காமல் போய்வரணும், அவருக்கு வேறு ஆசையே இல்லை. ஆபரேஷன் ஆனதும் தனியாகப் போய் டீ குடிப்பேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கோ கேக் பைத்தியம். போனில் பார்த்த பூசணி ரோல் கேக்கை முன்பே செய்து பார்த்து, சுருட்டும்போது வெடித்துப்போய், அழாத குறையாக அள்ளிக் கொட்டியிருந்தேன். பாலசமுத்திரத்துச் சித்தப்பா நிலத்திலிருந்து மஞ்சள் பூசணி வந்ததும் மறுபடியும் கை அரித்தது.

எங்கள் வீடுகளில் முழுப் பூசணியில் பொம்பளை முதல் கத்தி வைக்கக்கூடாது. ஆம்பளை பிளந்து கொடுத்தபிறகுதான் நாங்கள் நறுக்குவோம். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் எடுக்கிறவள் நான், இருந்தும் துணிச்சல் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனேன். நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, இந்த வீட்டில் ஆம்பளை இல்லையா என்றார். கத்தியைக் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக் காயின் நடுவில் வைத்தேன். ஒரே அழுத்து, இரண்டாகப் பிளந்தது. பெருமை தாங்கவில்லை அவருக்கு.

பூசணியை வேகவைத்து மசித்து, முட்டை, சர்க்கரை, மைதா, கொஞ்சம் பட்டைத்தூள் சேர்த்து, தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஓவனில் வைத்தேன். வெந்ததைச் சூட்டோடு சர்க்கரைப் பொடி தூவிய துணியில் கவிழ்த்து, துணியோடு சேர்த்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டணும். ஆறினபிறகு பிரித்து, வெண்ணெயும் சர்க்கரையும் போட்டு அடித்த க்ரீம் சீஸைத் தடவி, திரும்பச் சுருட்டணும். மெதுவாகப் பிரித்தேன். ஒரு கீறல் இல்லை.

இதை யாரிடம் காட்டுவது? இருந்தது நைனா ஒருத்தர், அவருக்கோ கண் தெரியாது. பூசணியை வெட்டிக்கொடுத்த மனுஷனுக்கு ஒரு துண்டு கொடுக்காமல் இருக்க மனசும் கேட்கவில்லை. மெல்லிசாக வெட்டி வாயில் ஊட்டினேன். மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லா கீது பாப்பா" என்றார்.

இந்த மனுஷன் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. உப்பு கூடினால் சொல்வார். சரியாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொன்று வேணுமா என்று கேட்டேன், சரி என்றார். காய்தானே, என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே போட்ட சர்க்கரை எனக்குத் தெரியாதா? ஆபரேஷனுக்குக் குறித்திருந்த தேதிக்கு முந்தின நாள் வரைக்கும் காலையில் ஒரு துண்டு, சாயங்காலம் ஒரு துண்டு. அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு ஊட்டினேன், அந்த வார்த்தைக்காக.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எகிறியிருந்தது. என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் தெலுங்கில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டு, இட்லிதான் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள். அவரைத்தான் திட்டினேன்.

"வேணான்னு சொல்ல உனுக்கு வாயில்லியா நைனா?"

"நீ அவ்ளோ ஆசையா கேட்டுக்கினு கீற. எப்டிம்மா வேணான்றது?"

நகரி வரைக்கும் என் தோளைப் பிடித்தபடி வந்தார்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். சர்க்கரை ஏறியது எப்படி என்று கேட்டான். எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே நைனா பேசிவிட்டார்.

"நான்தாண்டா. பக்கத்து வூட்டுல மலைக்குப் போய் வந்து லட்டு குடுத்தாங்க. உந்தங்கச்சிக்குத் தெரியாம துன்னுட்டேன்."

அண்ணன் பிடித்துக்கொண்டான். இந்த வயசில் நாக்கை அடக்கத் தெரியாதா, லீவு போட்டு வரலாம் என்று இருந்தேனே, சின்னப் பிள்ளையா நீ என்று பொரிந்து தள்ளினான். நைனா தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான்டா, தப்புதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் என் கையில்தான் இருந்தது. இல்லை அண்ணா, நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

திட்டி முடித்துவிட்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். குரல் இறங்கிவிட்டது.

"பாவம்மா நீ. உன்ன மாதிரி யாரு பாத்துக்குவா அவர?"

நைனா என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பரவால்லண்ணா" என்றேன்.