ஒரே லாட்

ஆரியசாலை பஜாரில் அண்ணாச்சியின் மிளகாய் வற்றல் மொத்தக் கடைக்கு மேல்தான் அவருடைய கல்யாண வீடியோ ஸ்டுடியோ. படியேறும்போதே தும்மல் வரும். சீசன் முழுக்க எடுத்த கல்யாணங்களைச் சேர்த்து வைக்க ஒரு சர்வர் அமைத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவாராம். கேட்டதுமே எனக்குப் பகீரென்றது.

நான்கு ஹார்ட் டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால், ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். இரண்டு செத்தால் அவ்வளவுதான். ஒரே லாட்டில், ஒரே பெட்டியில் வந்தவை ஒரே சமயத்தில் படுத்துவிடும் என்கிற பயம் என் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. அதனால் வேறு வேறு கடையில் வாங்கச் சொன்னேன்.

“லாட் மாறினா சரக்கோட கொணம் மாறும் மோளே. அது சரியாவாது, கேட்டோ.”

நான்கும் ஒரே பெட்டியில் வந்தன. சீரியல் எண்கள்கூட அடுத்தடுத்து. வேறெங்காவது தனியாக ஒரு காப்பி எடுத்து வைப்போம் என்றதற்கு, “பின்ன பாக்கலாம்” என்றார். எரிச்சலோடு, நான்கையும் சேர்க்கும் கட்டளையைக் கறுப்புத் திரையில் அடித்தேன்.

சீசன் கல்யாணங்கள் எல்லாம் அதில் ஏறின. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு டிஸ்க், டக் டக்கென்று சத்தம் போட்டுவிட்டுச் செத்தது. புதியதைப் பொருத்தி, மீட்கும் கட்டளையைக் கொடுத்தேன். திரையில் சதவீதம் எறும்பாக ஊர்ந்தது. அது நூறைத் தொடும்வரை மற்ற மூன்றும் ஓய்வில்லாமல் உழைத்தாக வேண்டும்.

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மூட்டையில் பூச்சி கண்டால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்புகிறவர் அவர். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“பாக்கி மூணும் அதே லாட்தானே மோளே?”

“ஆமா அண்ணாச்சி.” அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாதி தாண்டியிருக்கும். பெட்டிக்குள் மறுபடியும் டக், டக். சதவீதம் நின்றது. பிழைச் செய்திகள் வரிவரியாக இறங்கின. கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அவருடைய போன் அடித்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா. மகளும் மருமகனும் துபாய் கிளம்புகிறார்களாம், அதற்குள் வீடியோ கிட்டுமா என்று கேட்பது எனக்கும் கேட்டது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையை இடவலமாக ஆட்டினேன்.

“அம்மா,” என்றார் போனில், “அன்னைக்கு உங்க ஆளுவ யாராவது மொபைல்ல எடுத்திருந்தாவளா?”