இருதயராஜ் வைத்த சாமந்தி

திருமுல்கேரியில் எங்கள் எதிர்வீட்டு இருதயராஜுக்கு உள்ளூர்க் கோல்கொண்டாக் கோட்டையைக் கட்டியவர் யாரென்று தெரியாது. ஆனால் அமெரிக்காவில் கிரேசன் மில்ஸ் என்ற சிற்றூரில் கம்பளி மில் எந்த ஆண்டு எரிந்தது, ஆற்றுப் பாலத்துக்கு ஏன் கூரை போட்டார்கள், சதுக்கத்துச் சிப்பாய் சிலையின் மூக்கை உடைத்தது யார், எல்லாம் ஞானோபதேசம் போல ஒப்பிப்பான். கேட்டால் அந்த மூக்கை இவனே உடைத்த மாதிரி இருக்கும்.

2004இல் அவனுக்குக் கால்சென்டரில் வேலை. அந்த ஊர் டெலிபோன் கம்பெனிக்காக இங்கிருந்து பேச வேண்டும். பேசுகிறவன் உள்ளூர்க்காரன் என்று அங்கே நம்ப வேண்டும். அதற்காக ஊர் வரலாற்றைப் பாடம் நடத்தி, ராய் என்று பெயரும் வைத்தார்கள். வேஷம் கலைந்தால் வேலை போகும்.

டோரதி என்ற கிழவி ராயைத்தான் கேட்பாள். பில்லில் சந்தேகம் என்று ஆரம்பித்து ஊர்க்கதைக்கு வந்துவிடுவாள். இடுப்பெலும்பு முறிந்து, பக்கத்து நகரத்தில் முதியோர் விடுதியில் கிடந்தாள். பாலம் இருக்கிறதா என்பாள், இருக்கிறது என்பான். மேப்பிள் இலை சிவந்துவிட்டதா? சிவந்துவிட்டது.

"மாமி, அந்த ஊர் எலெக்ஷன்ல நின்னா நான் ஜெயிச்சிருவேன்" என்று என்னிடம் பீற்றிக்கொள்வான்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. இவனைப் போல அவளும் கத்தோலிக்க வேதம். என் புருஷன் கல்லறையில் எனக்குப் பதிலாக நீ பூ வைப்பாயா ராய் என்று கேட்டாள். சரி என்றுவிட்டான். ஏன்டா ஒத்துக்கொண்டாய் என்றேன்.

"ராய் அந்த ஊர்லயே இருக்கான் மாமி. எப்படி நக்கோன்னு சொல்றது?"

செத்தவர் பேரில் கொடுத்த வாக்கைச் சும்மா விடவும் அவனுக்கு மனசில்லை. திருநாளன்று அப்பா கல்லறைக்குப் போனவன், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போய், பெயர் அழிந்த ஒரு கல்லைக் கழுவிச் சாமந்தி வைத்து மெழுகுவத்தி ஏற்றினான். பிறகு போனில் அவளிடம் சொன்னதில் ஊரைத் தவிர எல்லாம் நிஜம். மஞ்சள் பூ. ஈரப் புல். காற்றில் தள்ளாடிய சுடர். அவள் அழுதாளாம்.

சில நாள் கழித்து அவள் மகள் ராயைக் கேட்டு அழைத்தாள். அம்மா யாரிடமும் சொல்லாமல் டாக்ஸி பிடித்துக் கல்லறைக்குப் போயிருக்கிறாள். முதல் பனி விழுந்திருந்தது. புருஷன் கல்லில் பூ இல்லை. ராய் பொய் சொல்ல மாட்டான், கல்லை மாற்றி வைத்திருப்பான் என்று, ஊன்றுகோலோடு கல் கல்லாகப் போய் வெறுங்கையால் பனியைத் தள்ளித் தேடியிருக்கிறாள். டாக்ஸிக்காரன் தூக்கி வந்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. மார்ச்சளி கண்டு போய்ச் சேர்ந்தாள்.

"திட்டியிருந்தா பரவால்ல மாமி. எந்தக் கல்லறைல வச்சேன்னு மட்டும் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"திருமுல்கேரின்னு சொன்னேன். அது எந்தத் தெருன்னு கேட்டாங்க."

வேலை அன்றே போயிற்று. அடுத்த நவம்பரில் அவன் எந்தக் கல்லறைக்கும் போகவில்லை. அப்பாவுக்கான சாமந்தியை முந்தானையில் மூடிக்கொண்டு அவன் அம்மா மட்டும் ஆட்டோ ஏறினாள்.