என் வீட்டுக்கு நானே நகல்

ஏற்காடு மலையில், கிளியூரில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுவதற்காக இணையதளம் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இணையத்தில் தேடினால் எங்கள் தளம் வரவே இல்லை.

"பழைய தளம் எதிலாவது உங்க லிங்க் இருந்தா, தேடுபொறி சீக்கிரம் கண்டுபிடிச்சிருமுங்க" என்றார் தளம் செய்துகொடுத்தவர்.

ஏரிக்கரையில் லாட்ஜ் நடத்தும் செல்விக்குப் பழைய தளம் உண்டு; அதில் என் லிங்க்கைப் போட முடியுமா என்று கேட்டேன். பதினைந்து வருடப் பழக்கம். உடனே சரி என்றாள்.

இன்று காலை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் ஒரு கணவனும் மனைவியும் போனைக் காட்டி வழி கேட்டார்கள். "சில்வர் ஓக் நிழலில் காபி காயும் களம், சமையலறை ஜன்னலில் மிளகுக்கொடி" என்றிருந்தது. நான் எழுதிய வரிகள். மேலே செல்வியின் லாட்ஜ் பெயர்.

அவள் லாட்ஜில் இருப்பது கார் நிறுத்த சிமென்ட் தரை. லாட்ஜுக்கே வழி காட்டி அனுப்பிவிட்டு அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்கக்கா, நீங்க நொம்ப அழகா எழுதியிருந்தீங்க. அதான் அப்படியே எடுத்துப் போட்டேன்."

"அது என் வீடு, செல்வி."

"எல்லாம் ஒரே மலைதானுங்களே!"

"லிங்க்?"

"அது மறந்துட்டேனுங்க."

தளக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: அவள் பக்கம் முதலில் பதிவாகிவிட்டதால், என்னுடையதை நகல் என்று தேடுபொறி ஒதுக்கிவிட்டதாம்.

களத்தில் இன்றும் காபி காய்கிறது. அது அசலா என்று யாராவது நேரில் வந்து பார்த்துச் சொன்னால் நல்லது. தேடாதீர்கள், என்னிடமே வழி கேளுங்கள்.