மூன்றாவதாக வந்த பெயர்

அண்ணன் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. ஓராண்டுத் திருப்பலிக்கு வரும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் கொடுக்க இந்த நினைவு மலரை அவர் மகன் போடுகிறான். தங்கச்சி என்ற முறையில் என் பங்கை எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆவூருக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில். வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கடலை போடுவோம். பெய்யாவிட்டால் கூலிக்குப் போவோம். அண்ணனுக்குப் பதினாறு வயதில் அப்பா இறந்தார். எனக்கு அப்போது நாலு. அப்பா முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அண்ணன் முகம்தான் எனக்கு அப்பா முகம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திருச்சிக்குப் போனார். அங்கே வைத்த ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடினார். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எடுத்துட்டாங்க ஆத்தா" என்றார்.

"என்னத்தடா எடுத்தாங்க?" என்று ஆத்தா பதறிப் போனாள்.

"என்னையத்தான்" என்றார்.

சிப்பாயாகப் போனவர் படிப்படியாக சுபேதார் ஆனார். பட்டாளத்தில் ஒரு கம்பெனி என்றால் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதற்கு ஓர் ஆபீசர் உண்டு. ஆபீசர் இரண்டு மூன்று வருடத்தில் மாறிப் போய்விடுவார். சுபேதார் கூடவே கிடப்பார். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் சண்டை, யாருக்கு லெட்டர் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். லீவில் யார் போவது என்று பெயர் எழுதி வைப்பதும் அவர்தான். ஆபீசர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இதெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லி எனக்குத் தெரியும். அவரும் அண்ணன் கம்பெனியில்தான் இருந்தார். அங்கே நாயக், சுபேதாருக்குச் சில படி கீழே. நல்ல பையன் என்று அண்ணனே பார்த்து எனக்குக் கட்டி வைத்தார்.

கல்யாணப் பந்தியில் அண்ணன் ரச வாளியோடு வந்தார். மாப்பிள்ளை எச்சில் கையோடு எழுந்து விறைப்பாக நின்றுவிட்டார். "சாப்!" என்று சத்தம் வேறு. பட்டாளத்தில் சுபேதாரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"உக்காருங்க மாப்ளே. இங்க நான் சாப் இல்ல, ரசம் ஊத்த வந்தவன்" என்றார் அண்ணன். பொம்பளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ரொம்ப நாள் என் வீட்டுக்காரருக்கு 'சாப் மாப்பிள்ளை' என்றே பேர்.

இரண்டு வருடம் கழித்து நான் முழுகாமல் இருந்தேன். அவர்கள் கம்பெனி அப்போது பனிமலையில். பனி விழுந்து பாதை அடைத்தால் மூன்று நான்கு மாதம் யாரும் இறங்க முடியாது. நான் அண்ணனுக்கு லெட்டர் போட்டேன். பிரசவத்துக்கு இவரை அனுப்பி வையுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு முன் அண்ணனிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்காமலே செய்வார்.

பாதை அடைப்பதற்குள் இரண்டே பேரைத்தான் அனுப்பலாம் என்று மேலிடத்து உத்தரவு. இரண்டு பேர் இறங்கினார்கள். இவர் அதில் இல்லை.

எனக்கு எட்டாம் மாதத்திலேயே வலி வந்தது. ஆண் பிள்ளை. ஒன்றரை நாள் இருந்தான். ஆத்தா தன் கையாலேயே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். தகப்பன் முகம் பார்க்காமல் போய்விட்டான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

பனி விட்டதும் இவர் வந்தார். "பேரு வரலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இவர் திரும்பிப் போன பிறகு அண்ணன் வந்தார். ஆத்தா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். பேசியது எல்லாம் காதில் விழுந்தது.

"பெரிய ஆபீசர் விடலைன்னு சொல்லிருடா. அவ நம்பிருவா."

"ஆபீசர் என்னையத்தான் கேட்டாரு ஆத்தா. நான் போட்ட லிஸ்ட்டு. அவர் கையெழுத்துத்தான் போட்டாரு."

"அது எனக்குத் தெரியும். அவகிட்ட எதுக்கு?"

"அவகிட்டதான் சொல்லணும்."

உள்ளே வந்தார். சொன்னார். நான் கேட்டேன்.

"ஒங்க தங்கச்சிங்கிறது ஞாபகம் இல்லையாண்ணே?"

"இருந்துச்சு பாப்பா."

"அப்பறம்?"

"அதனாலதான் ரெண்டு தடவ பாத்தேன். ரெண்டு தடவையும் மாப்ள பேரு மூணாவதாத்தான் வந்துச்சு."

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"பேரு வேணாம்."

"ஏன்?"

"ஒன் வயித்தெரிச்சல் அவங்க புள்ளகுட்டி மேல விழக்கூடாது. என் மேலயே இருக்கட்டும்."

அன்றோடு நான் அவரிடம் பேசுவதை விட்டேன். ஒன்பது வருடம்.

அண்ணன் லீவில் வருவார். நான் ஆத்தாளைப் பார்த்து, "சாப்புட வரச் சொல்லு" என்பேன். அண்ணன் ஆத்தாளைப் பார்த்து, "சோறு போதும்னு சொல்லு" என்பார். எதிரும் புதிருமாகத்தான் இருப்போம். "நான் என்ன ஒங்க ரெண்டு பேருக்கும் வயர்லெஸ்ஸாடி?" என்று ஆத்தா கரண்டியைத் தூக்கிப் போடுவாள்.

இடையில் எனக்கு ஒரு மகள் பிறந்தாள். அவள் ஞானஸ்நானத்துக்கு அண்ணன் வந்தார். பிள்ளையைக் கையில் கொடுத்தேன், பேசவில்லை. அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, என்னைப் பேசச் சொன்னதும் இல்லை.

என் வீட்டுக்காரரிடம் அந்த இரண்டு பெயரைக் கேட்டுப் பார்த்தேன். "சாப் சொல்லாதத நான் சொல்ல மாட்டேன்" என்றுவிட்டார்.

"பொண்டாட்டிய விட ஒங்களுக்கு சாப் பெருசா?" என்றேன்.

அவர் இப்படிச் சொன்னார்: "ஒருத்தனுக்கு அப்பா சாகக் கெடந்தாரு. இன்னொருத்தன் பதினாலு மாசமா வீட்டு வாசல மிதிக்கல. என்னைய அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேன் புள்ள. சந்தோசமா வந்திருப்பேன். ஆனா அதுக்கப்பறம் அவர் ஒண்ணு சொன்னா கம்பெனில எவனும் மனசார செஞ்சிருக்க மாட்டான். நாலு பேரு உசிர் போற எடம் அது." எனக்கு விளங்கியது. மனசு ஆறவில்லை.

பிறகு ஆத்தா செத்துப் போனாள். தந்தி கொடுத்தோம். கம்பெனியில் அண்ணன் வேலையைப் பார்க்கக்கூடிய இன்னொரு சுபேதார் தன் மகள் கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தார். இரண்டு சுபேதாரும் ஒரே சமயத்தில் கிளம்ப முடியாது. கூப்பிட்டிருந்தால் அவர் ஓடி வந்திருப்பார். அண்ணன் கூப்பிடவில்லை. ஆத்தாளைப் புதைத்துப் பதினெட்டாம் நாள்தான் வந்து சேர்ந்தார். கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார். கால் எல்லாம் செம்மண். கண் உள்ளே போயிருந்தது.

சோறு போட்டேன். குனிந்து சாப்பிட்டார். தட்டு காலியானது. நடுவில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

"போதுமாண்ணே?" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு பாப்பா" என்றார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். பிள்ளை போன பிறகு முதல் தடவை லீவில் வந்தாரே, அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வருவதற்கு முன் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். தகரப் பெட்டி தோளில். அதை இறக்கி வைக்காமலே சின்னக் குழிமேட்டுப் பக்கத்தில் வெகு நேரம் நின்றாராம். எங்கள் கோயில் உபதேசியார் பார்த்திருக்கிறார். ஆத்தா போன பிறகுதான் என்னிடம் சொன்னார். அண்ணன் சொல்லவே இல்லை.

பென்ஷனில் வந்த பிறகு அண்ணன் சும்மா இருக்கவில்லை. இறந்துபோன ஜவான்களின் வீட்டுப் பொம்பளைகளுக்குப் பென்ஷன் கேட்டுக் காகிதம் எழுதிக் கொடுப்பார். மணமேல்குடி, ஆலங்குடி என்று பஸ்ஸிலேயே அலைவார். வெயிலில் போகாதீங்க என்று அண்ணி சத்தம் போடுவார். "அங்கிட்டு ஒரு அம்மா காத்துக்கிட்டு நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டுவார். யாராவது புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார்.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை புதுக்கோட்டைக்கு டயாலிசிஸுக்குப் போனார். அண்ணிக்கு முட்டி வலி. அதனால் நான் கூடப் போவேன். நாலு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ரத்தம் குழாயில் போய்க்கொண்டு இருக்கும். ஒருநாள் கேட்டேன்.

"இப்ப அந்த லிஸ்ட்டப் போடச் சொன்னா எப்படிப் போடுவீங்கண்ணே?"

எந்த லிஸ்ட் என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மூடி யோசித்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அப்படியேதான் போடுவேன் பாப்பா."

"எனக்குக் கோவம் வரும்."

"வரட்டும்" என்றார். ஊசி குத்தாத கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். மெஷின் நிற்கும்வரை விடவில்லை. அதற்கு அடுத்த மாதம் போய்விட்டார்.

அவர் செய்தது சரி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். பெற்றவளால் அது முடியாது. ஆபீசர் மேல் பழியைப் போட்டிருந்தால் ஒன்பது வருடம் தங்கச்சியோடு சிரித்துப் பேசியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். அவர் அப்படிச் செய்யவில்லை. அவரைப் போல ஒரு மனுசனை நான் பார்க்கவில்லை.

அண்ணன் படுக்கையில் இருந்தபோது உடன்பிறந்தவர்கள் போலப் பார்த்துக்கொண்ட நர்ஸுகள், எந்த நேரம் கூப்பிட்டாலும் வண்டி எடுத்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, நற்கருணை கொண்டுவந்து கொடுத்த பங்குச் சாமியார், குழி வெட்டிய ஊர் இளைஞர்கள், சமைத்துப் போட்ட பெண்கள் அனைவரையும் எங்கள் குடும்பம் மறக்காது.

அடக்கத்துக்கு அண்ணனுடைய கம்பெனி ஆட்கள் பதினாறு பேர் வந்தார்கள். நாகர்கோவில், சேலம், பாலக்காடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். பிறகு பந்தியில் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ரெண்டு பேருல ஒருத்தன் வந்திருக்கான். இப்ப சாப் இல்ல. கேட்டா சொல்றேன்" என்றார்.

பந்தியைப் பார்த்தேன். பதினாறு பேரும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேணாங்க" என்றேன். சோற்று வாளியை வாங்கிக்கொண்டு முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நானே போட்டேன். அந்தப் பதினாறு பேருக்கும் என் நன்றி.